முடிவை முன்னாலேயே சொல்கிறவள்

என் பெரியம்மா மகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சினிமாவை முதல்முறை பார்க்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து வரப்போவதை முன்னாலேயே சொல்லிவிடுவாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பெயரை எழுதப்போவதில்லை. அக்கா என்றே சொல்கிறேன்.

1990, பங்குனி மாதம். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் காளியம்மன் கோயில் பொங்கல். டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்திருந்தன. ராத்திரி மூன்று படம். முதலில் சாமி படம், அடுத்தது எம்.ஜி.ஆர். படம், நடுச்சாமத்துக்கு மேல் இளவட்டங்கள் கேட்ட படம். அந்த மூன்றாவது படம்தான் ‘நூறாவது நாள்’. கோயில் முன்னால் சாக்கை விரித்து அக்கா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். எனக்குப் பத்து வயது. அக்கா அந்தப் படத்தைத் தன் பன்னிரண்டு வயதிலேயே, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களோடு டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டவள். (எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். விடிவதற்கு முன்னால் பஸ் வந்து சின்னப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஆபீஸ் என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த ஒரே மரியாதை.)

“இப்பப் பாரு, சுவத்துக்குள்ளருந்து எலும்புக்கூடு வரும். பயந்துராத.”

“சொல்லாதக்கா.”

“சொன்னாத்தான் பயம் தெரியாது. இந்தா, மொட்டைத்தலையன் வாரான் பாரு.”

பின்னாலிருந்து ஒரு மாமா, “ஏத்தா, கதைய டிவி சொல்லட்டும். நீ செத்த சும்மா இரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து என் காதுக்குள் மட்டும் சொன்னாள்.

“அவ புருசந்தான்.”

படம் அத்தோடு எனக்கு முடிந்துபோனது. அக்காவைக் கிள்ளிவிட்டு எழுந்துபோய் அம்மாவிடம் படுத்துக்கொண்டேன்.

மணிவண்ணன் இயக்கி 1984இல் வந்த படம் அது. இளையராஜா இசை. உடன்பிறந்தவள் கொல்லப்படுவதைக் கனவில் காணும் பெண்ணாக நளினி. அவளுக்குத் துணை நிற்பவராக விஜயகாந்த். கூலிக்குக் கொலை செய்பவராக, தலையை மழித்த சத்யராஜ். அப்போது நல்ல பையன் வேடங்களில் வெள்ளிவிழாப் படங்கள் கொடுத்துக்கொண்டிருந்த மோகன், இதில் அந்தக் கணவன். ஊர் இந்தப் படத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சத்யராஜின் மொட்டைத் தலையைச் சொல்வார்கள். சென்னையில் ஒன்பது பேரைக் கொன்ற ஒருவர், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் துணிந்தேன் என்று சொன்னதாகச் செய்தி வந்து, படத்தின் பெயரே அவருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டதைச் சொல்வார்கள். கொன்றவர்கள் நினைவில் இருக்கிறார்கள். கனவு கண்டவளின் பெயரை என் மாணவிகளிடம் கேட்டால் அவர்களுடைய அம்மாக்களுக்குக்கூடத் தெரிவதில்லை. படத்தில் அவள் பெயர் தேவி. 1991இல் இந்தியில் ‘100 டேஸ்’ என்று எடுத்தபோதும் அவள் தேவிதான். மாதுரி தீட்சித் நடித்தார்.

அது ஓர் இத்தாலியப் படத்திலிருந்து வந்தது என்பது எனக்கு 2020 வரை தெரியாது. ஊரடங்கில், கைப்பேசிக்குள் பாடம் நடத்திச் சலித்திருந்த நாளில், பழைய மாணவி ஒருத்தி செய்தி அனுப்பினாள்: “மேடம், நூறாவது நாளுக்கு மூலம் கிடைச்சிருச்சு. பாருங்க.” லூச்சியோ ஃபுல்ச்சி இயக்கி 1977இல் வந்த ‘செத்தே நோத்தே இன் நேரோ’. தமிழ்க் காதுக்கு அந்தத் தலைப்பின் முதல் சொல்லே சாவைச் சொல்லிவிடுகிறது. இத்தாலிய மொழியில் செத்தே என்றால் ஏழு. கறுப்பில் ஏழு சுரங்கள் என்று பொருள். அமெரிக்காவில் அதையே ‘தி சைக்கிக்’ என்று வெளியிட்டார்கள். இத்தாலியர்கள் ஒரு கைக்கடிகாரத்தின் இசைக்குத் தலைப்பைக் கொடுத்தார்கள், நாம் ஒரு நாளுக்குக் கொடுத்தோம், அமெரிக்கர்கள்தான் அவளுக்கே கொடுத்தார்கள். அதுவும் அவள் ஏதோ அமானுஷ்யப் பிறவி என்கிற மாதிரி.

இந்த வகைப் படங்களை இத்தாலியில் ஜாலோ என்பார்கள். மஞ்சள் என்று அர்த்தம். மொண்டதோரி பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் போட்டு விற்றது. அட்டையின் நிறமே கதைக்குப் பெயராகிவிட்டது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் ராஜேஷ்குமாரும் சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் கிளிப்பில் மாட்டித் தொங்கிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குச்சி அடுக்கிய கை மருந்து வாடையோடு அக்கா அவற்றை வாடகைக்கு எடுத்துப் படிப்பாள். கடைசிப் பக்கத்தை முதலில்.

ஜாலோ படங்களை முழு மனதோடு ரசிக்க என்னால் முடிந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, படிக்கட்டில் ஓடும் பெண், அவள் சாவதை அழகாகக் காட்டுவதற்கென்றே கூடும் வெளிச்சமும் இசையும். பெண்ணுடல் அங்கே வெட்டுவதற்கு வாகாக வைத்த பூசணிக்காய். நம்மிடம் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) அந்த வரிசையில் கச்சிதமாக நிற்கும். கொலைகாரனுக்கு அங்கே ஒரு பால்ய காலக் கதை உண்டு. அவன் ஏன் இப்படி ஆனான் என்று நாம் பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு உரமாகிப்போன பெண்களில் ஒருத்திக்கும் பால்யம் கிடையாது. ஃபுல்ச்சியையும் நான் பெண்ணியவாதி என்று சொல்ல வரவில்லை. பின்னாளில் அவர் எடுத்த ரத்தக்களரிகளை என்னால் பத்து நிமிடம் தாண்டிப் பார்க்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு படத்தில், தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, கத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

உண்மையாகவே கண்ணுக்கு. நாயகி வர்ஜீனியாவாக நடித்த ஜெனிஃபர் ஓ’நீலின் கண்களை நோக்கிக் கேமரா திரும்பத் திரும்பப் பாய்கிறது. சிறுமியாக ஃபிளாரன்ஸில் நிற்கும்போதே, இங்கிலாந்தில் டோவர் பாறை உச்சியிலிருந்து தன் அம்மா குதிப்பது அவளுக்குத் தெரிகிறது. வளர்ந்து, மணமாகி, கணவனை வழியனுப்பிவிட்டுச் சுரங்கப்பாதைகள் வழியே காரோட்டி வருகிறாள். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி முகத்தில் விழுகின்றன. அப்போது துண்டு துண்டாகக் காட்சிகள் வருகின்றன. சிவப்பு விளக்கு எரியும் அறை. உடைந்த கண்ணாடி. தலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு கிழவி. ஒரு பத்திரிகை அட்டையில் ஒரு பெண் முகம். நொண்டி நடக்கும் ஒரு ஆணின் கால்கள். கடைசியில் செங்கல் மேல் செங்கலாக எழும்பும் ஒரு சுவர். அதை உள்ளேயிருந்து பார்க்கிறாள்.

கணவனின் பழைய மாளிகையைச் சீர்செய்யப் போகிறாள். பார்த்த அறை அங்கே இருக்கிறது. சுவரை இடிக்கிறாள். எலும்புக்கூடு. கணவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. படத்தின் கெட்டிக்காரத்தனம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவள் துப்பறிய இறங்குவது கணவனை விடுவிக்க. தான் கண்ட காட்சியில் இருக்கும் ஆள் வேறு யாரோ என்று நிரூபிக்க. செத்துப்போன யாரோ ஒருத்திக்கு நியாயம் வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டு ஓடி அலைகிறாள். மருத்துவ நண்பர் கேட்கிறார், போலீஸ் கேட்கிறது, நாத்தனார் கேட்கிறாள். எல்லாரும் நயமாகத்தான் கேட்கிறார்கள். ஒருவரும் அதட்டுவதில்லை. எனக்கு அந்த நயம்தான் பகீரென்றது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பழக்கம். காட்சியில் கண்ட அந்தப் பத்திரிகை, சுவருக்குள் கிடந்தவள் செத்துப் பல ஆண்டுகள் கழித்து அச்சானது என்று தெரியவருகிறது. அப்படியானால் அவள் கண்டது நடந்து முடிந்ததை அல்ல. நடக்கப்போவதை. சுவருக்குள் போகப்போவது அவள். கட்டப்போவது அவளுடைய கணவன்.

வகுப்பில் நன்னூல் நடத்தும்போது காலவழுவமைதி என்று ஒன்று வரும். எதிர்காலத்தில் சொல்ல வேண்டியதை இறந்தகாலத்தில் சொன்னால் வழு. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களுக்காகச் சொன்னால் பவணந்தியார் மன்னித்துவிடுகிறார். கிளம்பவே இல்லாதவள் ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் ‘மழை பெய்தது’ என்பது தெளிவு. மானாவாரிக் கரிசலில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டை விளக்க வேண்டியதே இல்லை. வெடிப்பு விட்ட நிலத்தில் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பேத்திகள் அவர்கள். ‘பெய்தது’ என்று சொல்கிறவள் சோதிடம் சொல்லவில்லை. எறும்பைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஃபுல்ச்சியின் படம் ஒரு காலவழுவின் கதை. வர்ஜீனியா கண்டதில் ஒரு பிழையும் கிடையாது. விளக்கு சரி, கண்ணாடி சரி, சுவர் சரி. காலத்தை மட்டும் மாற்றிப் படித்துவிட்டாள். தனக்கு வரப்போவதை இன்னொருத்திக்கு வந்துபோனதாக எடுத்துக்கொண்டாள்.

எல்லாப் பெண்களும் அப்படித்தானே படிக்கிறோம், நாளிதழை?

தமிழில் கனவு காண்கிற பெண்களுக்குக் குறைவில்லை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்று ஒரு காதையே இருக்கிறது. தானும் கணவனும் பெரிய ஊர் ஒன்றுக்குள் போவதையும், ஊரார் பொய்ப்பழி போடுவதையும், தான் அரசன் முன் நின்று வழக்குரைப்பதையும் கண்ணகி கனவில் கண்டுவிடுகிறாள். அதைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி என்ன செய்கிறாள்? கணவனோடு சேர இன்ன குளத்தில் குளித்து இன்ன கோயிலில் தொழு என்று யோசனை சொல்கிறாள். கொலை நடக்கப்போகிறது என்கிறவளுக்குப் பரிகாரம். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கோவலன் வந்து நிற்கிறான். அவனிடம் கனவைச் சொல்லவில்லை. சிலம்பைக் கொடுத்துவிட்டுக் கூடவே நடக்கிறாள், கனவில் பார்த்த அதே ஊருக்கு. முனைவர் பட்ட ஆய்வின்போது இந்த இடத்தைக் கற்பு என்றும் ஊழ் என்றும் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பாண்டிமாதேவிக்கும் கனவு வருகிறது. குடை விழுவதையும் செங்கோல் சாய்வதையும் மணி ஓயாமல் அதிர்வதையும் கண்டு, அரசனிடம் ஓடிவந்து சொல்கிறாள். அவன் கேட்டுக்கொண்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் கண்ணகி வந்துவிட்டாள்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கில் பல வடிவங்கள் இருந்தாலும் அடிப்படை ஒன்று: கணவன் அவளைக் கொன்றான். மறுபிறப்பில் அவள் பேயாக வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் அவன்தான் தன் கணவன் என்று அழுகிறாள். சபை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறது. அவள் பழிதீர்க்கிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்த எழுபது பேருக்கு இன்றைக்கும் நல்ல பெயர். கொலையுண்டவளின் கண்ணீருக்கு நம் மொழி கொடுத்த பெயர் நீலிக் கண்ணீர். பொய்யழுகை என்று அகராதியில் பொருள் போட்டிருக்கும். ஒருத்தி கொல்லப்பட்டதற்காக அழுதால் அது நடிப்பு என்று தீர்ப்பெழுதி, அதைப் பழமொழியாக்கி, நாள்தோறும் பெண்கள் மேலேயே பயன்படுத்துகிறோம். நானும் ஒருமுறை, விடுப்புக் கேட்டு அழுத மாணவி ஒருத்தியைப் பற்றிச் சக ஆசிரியையிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு 1992இல் கல்யாணம். பத்து வருடம் தீப்பெட்டி ஆபீசில் சேர்த்ததும், பெரியப்பா இரண்டு குறுக்கம் கரிசலை விற்றதும் நகையாகவும் ரொக்கமாகவும் போனது. ஊர் வேண்டாம். மேற்கே ஒரு கிராமம். அடுத்த வருடம் ஒரு குழந்தை. மூன்று முறை திரும்பி வந்தாள். மூன்று முறையும் பெரியவர்கள் கூடிப் பேசி, சேலை எடுத்துக் கொடுத்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மோர் கொடுத்துப் பேசினார்கள். ‘பொம்பளப் பிள்ள அனுசரிச்சுப் போகணும்த்தா’ என்று சொன்ன அதே மாமாதான் பொங்கல் ராத்திரி அவளைச் சும்மா இருக்கச் சொன்னவர்.

மூன்றாம் முறை வந்தது 1995, மாசி. எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி திண்ணையில் அரிக்கேன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து படுத்தாள். கையைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு, ஏதோ சினிமாக் கதையைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

“அடுத்த தடவ நான் வரமாட்டேன் பாத்துக்க. தீய வச்சிருவாக. ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு சொல்லுவாக.”

“சொல்லாதக்கா.”

“அந்த வீட்ல ஸ்டவ்வே கிடையாதுட்டி. முள்ளு வெறக ஊதி ஊதி நெஞ்சு காஞ்சு கெடக்கு. ஸ்டவ்வு வாங்கிட்டு வரலன்னுதான் முதல் சண்டையே.” சிரித்தாள். “வாங்கிக் குடுத்திருந்தா அவுகளுக்கும் சொல்ல வசதியா இருந்திருக்கும்.”

எனக்குத் தூக்கம் வந்தது. எல்லாம் சரியாயிரும்க்கா என்று சொல்லிவிட்டு விளக்கைச் சின்னதாக்கினேன்.

வைகாசியில் தந்தி வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டதாம்.

அக்காவுக்கு ஞானதிருஷ்டி ஏதும் கிடையாது. அந்தக் காலத்துத் தமிழ் நாளிதழ்களில் வாரத்துக்கு நாலு முறை ஒரே மாதிரிச் செய்தி வரும். ஊரும் பெயரும் மாறும். ஸ்டவ் மாறாது. நாளிதழ் படிக்கிற, பாக்கெட் நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற, மூன்று வருடமாக ஒரு வீட்டின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண், தன் கதையின் முடிவை ஊகித்தாள். அவள் எறும்பைப் பார்த்தவள். நாங்கள் அதைப் பயம் என்றோம், மனசு சரியில்லை என்றோம். கயத்தாறு பக்கம் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுத் தேவந்திகளும் பரிகாரம்தான் சொன்னார்கள்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் சாவு என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. 1983இல் கொடுமைக்கு 498-ஏ வந்தது. 1986இல் வரதட்சணைச் சாவுக்கு 304-பி வந்தது. இப்போது சட்டத்தின் பெயரும் எண்களும் மாறிவிட்டன, சாரம் மாறவில்லை. இதையெல்லாம் நான் பிற்பாடு, முப்பது வயதுக்கு மேல், ஒரு வழக்கறிஞர் தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னதில் ஒன்று என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. செத்துப்போனவர் தன் சாவுக்குக் காரணமான சூழ்நிலையைப் பற்றி உயிரோடிருக்கும்போது சொன்னது, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படியே சாட்சியமாகும். மரணப்படுக்கையில்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இந்தியாவில் கட்டாயம் இல்லை. திண்ணையில் சொன்னதும் சாட்சியம்தான், கேட்டவர் போய்ச் சொன்னால். அதாவது 1872இலேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்த ஒரு சட்டம், அக்கா பேசியதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதில் போய் உட்காரவில்லை.

குழந்தை அவர்கள் வீட்டில் இருந்தது. வாயைத் திறந்தால் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. பெரியப்பா, சந்தேகம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் அதற்குப் பிறகு ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? ஆனால் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஸ்டவ் இல்லை என்பது எனக்குத் தெரியும். துப்பறியும் கதையில் இப்படி ஒரு தகவல் கிடைத்தால் இருபதாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும்.

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் கனாத்திறம் உரைத்த காதையை நடத்தியபோது, ஃபுல்ச்சியின் படத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். விடுமுறையில் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள் உண்டு. கறுப்புத் திரைக்கு முன் ஐம்பது பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள். கணவன் சுவரைப் பூசி முடித்துவிட்டான். போலீஸும் நண்பரும் வந்து விசாரிக்கிறார்கள். அவள் கிளம்பிப் போய்விட்டதாகச் சொல்கிறான். அவர்கள் நம்பித் திரும்பப் போகிறார்கள். அப்போது சுவருக்குள்ளிருந்து, நாத்தனார் பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தின் ஏழு சுரங்கள், குழந்தைத் தாலாட்டு மாதிரி, மெதுவாகக் கேட்கின்றன. எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். படம் முடிந்துவிடுகிறது. சுவரை இடிப்பதை ஃபுல்ச்சி காட்டுவதில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதையும் சொல்வதில்லை. அந்த மெட்டு, படம் முழுக்கப் பின்னணியில் நம் காதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். நாமும் அதுவரை அதை வெறும் இசை என்றுதான் நினைத்திருப்போம். இந்தப் படத்தில் நான் வியக்கிற இடம் அது. பாடல்களும் சண்டையும் நாயகனும் வைத்துத் தமிழில் எடுத்த மணிவண்ணன் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் எங்கள் கோயில் வாசலுக்கு இந்தக் கதையே வந்திருக்காது. ஆனால் இந்த மௌனத்தில் முடிக்கிற துணிச்சல் ஃபுல்ச்சிக்கு இருந்தது.

விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “மேடம், கடிகாரம் அடிச்சதும் எல்லாரும் நம்பிட்டாங்க. படம் பூரா அவ வாயால சொன்னாளே, அதை ஏன் நம்பல?”

நான் பதில் சொல்லாமல், எல்லாரும் எழுதுங்கள் என்றேன். இருபது நிமிடத்தில் தாள்களை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தபோது, ஏழு தாள்களில் படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு மதினி, ஒரு தாளில் அம்மா. ஒருத்தி எழுதவே இல்லை, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். அவள் விஷயத்தை இங்கே எழுதுவது சரியில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அவளுக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கரிசலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், சுவர் நிற்காது. மழையில் மண் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். எவ்வளவு ஆழம் தோண்டி மணல் நிரப்பினாலும் மூன்றாம் வருடம் ஒரு கோடு விழும். பெரியம்மா வீட்டு உள்ளறைச் சுவரிலும் அப்படியொரு விரிசல் உண்டு. அதற்குக் கீழேதான் அக்காவின் பெட்டி இருக்கிறது. அக்கா எங்களுக்கு இப்போது வீட்டுச்சாமி. ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, புதுச்சேலை எடுத்து, பனியாரமும் சர்க்கரைப் பொங்கலும் படைத்து, சேலையைப் பெட்டியில் வைத்துவிடுவோம். போன வருடத்துச் சேலையை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்ளலாம். தெற்கே இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பெட்டிகள் இருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அகாலத்தில் செத்த பெண்ணை நாம் கும்பிடுவோம். விசாரிக்க மாட்டோம்.

இந்த வருடம் படையல் முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகு, உள்ளறையில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பழைய சேலையை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் மாணவிகளிடமும், வழக்கறிஞர் தோழியிடமும், கவிதைகளிலும் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை.

“அம்மா, அந்த வீட்ல ஸ்டவ் இருந்துச்சா?”

மடிப்பு நிற்கவில்லை. நீளவாக்கில் ஒருமுறை நீவிவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்தாள்.

“முப்பது வருசமா யாரு முதல்ல கேக்கப்போறாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள். “தந்தி வந்த அன்னைக்கு நான்தான முதல்ல அடுக்களைக்குள்ள போனேன். ஸ்டவ்வும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமைன்னு அவ காலைல அடுப்ப மெழுகி மாக்கோலம் போட்டிருக்கா. கோலம் அப்படியே இருந்துச்சு, ஒரு கோடுகூடக் கலையல. அப்ப அன்னைக்குச் சோறு எதுல ஆக்குனாளாம்?”